எரியாத மீட்டர் லைட் சொல்லித் தந்த பாடம்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் ரிப்பேரா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றே ஒன்று: "சிஸ்டம் மக்கர் பண்ணுது. எதை மாத்தணும்?" இதற்கு நான் சொல்லும் பதில், "முதலில் எதையும் மாற்றாதீர்கள்" என்பது. இந்தப் பதிலை நான் கற்றுக்கொண்டது இன்ஜினீயரிங் கல்லூரியில் அல்ல. எங்கள் அப்பாவின் அம்பாசிடர் காரில். அதுவும் ஒரு தப்பு செய்த பிறகு.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினீயராக வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே கோளாறு என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலையில் பெரும் பகுதி. அப்படிப்பட்ட நானே சொந்த வீட்டுக் காரில் கோளாறைத் தேடாமல் பொருளை மாற்றினேன். அதன் பலனை அனுபவித்தது என் அப்பாவும் அம்மாவும்.

அப்பாவின் அம்பாசிடர்

அம்பாசிடரை இளைய வாசகர்கள் சாலையில் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 என்ற காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் தயாரானது. 1950-களின் கடைசியில் தொடங்கிய தயாரிப்பு 2014-ல் நின்றது. எங்களுடையது 1987 மாடல் பெட்ரோல் வண்டி. புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் முருங்கை மரத்தடியில் நிற்கும். ரிடையர்டு ஆசிரியரான அப்பா அதைத் தன் மூன்றாவது பிள்ளை என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் காருக்கு முழுதாக டிங்கரிங், பெயிண்டிங் செய்தோம். டேஷ்போர்டைக் கழற்றி, உள்ளேயும் பெயிண்ட் அடித்து, மறுபடி மாட்டித் தந்தார்கள். கார் புதுசு போல வந்தது. சில மாதங்கள் கழித்து அப்பா போனில் சொன்னார்:

"தம்பி, ராத்திரி வண்டி ஓட்டுனா மீட்டர்ல ஒண்ணும் சரியாத் தெரியல. லைட்டு மங்கலா எரியுது."

பல்பு பழசாகிவிட்டது என்று நான் முடிவு செய்தேன். பாருங்கள், வண்டியைப் பார்க்காமல், சென்னையில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிட்டேன். ஆன்லைனில் நான்கு எல்.இ.டி. பல்புகள் வாங்கினேன். ஊருக்குப் போனபோது மீட்டர் போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, பழைய பல்புகளைக் கழற்றி, புதியவற்றைச் செருகினேன். இரண்டு எரிந்தன, இரண்டு எரியவில்லை. எல்.இ.டி.க்குப் பிளஸ், மைனஸ் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. எரியாத இரண்டையும் திருப்பிப் போட்டேன். பளிச்சென்று எரிந்தன.

"இன்ஜினீயர் கை வச்சா சும்மாவா!" என்று அம்மா சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேன். அப்போது அப்பா இன்னொன்றும் சொன்னார்: "பெட்ரோல் முள்ளு பகல்ல ஒரு மாதிரி காட்டுது, ராத்திரி ஒரு மாதிரி காட்டுது." வண்டிக்கு வயதாகிவிட்டது, முள் அப்படித்தான் ஆடும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

கீரனூர் தாண்டி நின்ற கார்

ஒரு மழைக்காலம் முடிந்தது. திருச்சியில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டு அப்பாவும் அம்மாவும் இரவு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கீரனூர் தாண்டியதும் இன்ஜின் இருமியது. பிறகு நின்றுவிட்டது. மணி பதினொன்றுக்கு மேல். லாரிகள் பக்கத்தில் உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன. அப்பா எனக்குப் போன் செய்தார்.

"மீட்டர் லைட்டு மறுபடியும் மங்கிடுச்சுப்பா. செல்போன் வெளிச்சத்துல பார்த்தேன். பெட்ரோல் முள்ளு பாதிக்கிட்ட நிக்குது. அப்புறம் ஏன் வண்டி நின்னுச்சுன்னு தெரியல."

டேங்க் காலியாகி இருந்தது. பைக்கில் போன ஒரு புண்ணியவான் கேனில் பெட்ரோல் வாங்கி வந்து தரும் வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல் அம்மா ரோட்டோர இருட்டில் உட்கார்ந்திருந்தார். சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இருந்த என்னால் போனைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. மறுநாள் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இந்த வண்டிய வித்துடுங்க." அப்பா பதில் பேசவில்லை. அந்த வார இறுதியில் நான் ஊருக்குக் கிளம்பினேன். இந்த முறை பையில் எந்த ஸ்பேர் பார்ட்ஸும் இல்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு நோட்டும் மட்டும் இருந்தன.

முதலில் கோளாறை வரவழையுங்கள்

சாஃப்ட்வேரில் ஒரு பிழையைச் சரிசெய்யும் முன், அது எப்போது வருகிறது என்று தெரிந்துகொள்வோம். நாம் நினைத்தபோது அதை வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. காரிலும் அதையே செய்தேன். சாவியைப் போட்டு, லைட் சுவிட்சை ஆஃப் செய்தும் ஆன் செய்தும் பார்த்து, நடந்ததை நோட்டில் எழுதினேன்.

1. லைட் ஆஃப்: பெட்ரோல் முள் கால் டேங்க்குக்குச் சற்று மேலே.
2. பார்க்கிங் லைட் ஆன்: மீட்டர் லைட்டுகள் நான்கும் அரை உயிராக எரிகின்றன. பெட்ரோல் முள் மெதுவாக ஏறிப் பாதியைத் தொடுகிறது.
3. அதே நேரத்தில் டெம்பரேச்சர் முள்ளும் ஏறுகிறது. இன்ஜினோ ஓடவே இல்லை!
4. லைட் ஆஃப்: இரண்டு முள்ளும் மெதுவாக இறங்குகின்றன.

மூன்றாவது வரியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நின்றிருக்கும் இன்ஜின் எப்படிச் சூடாகும்? ஆக, முள் சொல்வது பொய். நான்கு பல்புகளும் இரண்டு முட்களும் ஒரே சமயத்தில் கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு. ஆறுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு.

மின்சாரம் போகும் பாதை

இங்கே ஒரு சின்னப் பாடம். ஒரு பல்பு எரிய மின்சாரம் ஒரு முழு வட்டம் சுற்றி வர வேண்டும். காரில் அந்த வட்டம் இப்படி: பேட்டரியின் பாசிட்டிவ் முனை, ஃபியூஸ், லைட் சுவிட்ச், பல்பு, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனை. சில கார்களில் நடுவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் இருக்கும். இதில் பல்பு வரை போவதற்கு வயர் உண்டு. திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. காரின் இரும்பு பாடியே திரும்பும் பாதை. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' அல்லது 'பாடி எர்த்' என்கிறார்கள்.

நாம் போகும் பாதையை மட்டும் பார்ப்போம், திரும்பும் பாதையை மறந்துவிடுவோம். பழைய கார்களில் பாதி மாயம் இந்த எர்த்தில்தான்.

பாதியாகப் பிரித்துத் தேடுங்கள்

இந்தப் பாதையில் எங்கே வேண்டுமானாலும் கோளாறு இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் நாள் முழுக்கப் போய்விடும். கம்ப்யூட்டர் சயின்ஸில் 'பைனரி சர்ச்' என்று ஒரு முறை உண்டு. தேட வேண்டிய இடத்தை நடுவில் பிரித்து, கோளாறு எந்தப் பாதியில் என்று மட்டும் பார்ப்பது. பிறகு அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவது. 16 இடங்கள் இருந்தால் நான்கே சோதனைகளில் முடிந்துவிடும்.

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். பல பழைய கார்களில் மீட்டர் லைட்டும் டெயில் லைட்டும் ஒரே சுவிட்சிலிருந்துதான் வரும். காரின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். டெயில் லைட் இரண்டும் நன்றாக எரிந்தன. அதாவது பேட்டரி நலம், சுவிட்ச் நலம். பாதி வேலை நடந்தே முடிந்தது.

அடுத்தது மல்டிமீட்டர். புதியவர்கள் கவனிக்க வேண்டியவை:

* திருகை டி.சி. வோல்ட்டில் 20 என்ற இடத்தில் வையுங்கள்.
* சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் ஓட்டையில் செருகிக்கொண்டு வோல்டேஜ் பார்த்தால் ஷார்ட் ஆகிவிடும்.
* கருப்பு வயரைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே வையுங்கள். கைக்கு எட்டிய ஏதோ ஒரு இரும்பில் வைத்தால், அந்த இரும்பே கோளாறாக இருக்கலாம்.

மீட்டர் போர்டிலிருந்து பேட்டரி வரை மல்டிமீட்டரின் வயர் எட்டாது. ஒரு நீள வயரில் இரண்டு பக்கமும் முதலை கிளிப் மாட்டி நீட்டிக்கொண்டேன். சாவியும் லைட்டும் ஆன். அப்பா நோட்டைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

பேட்டரி: 12.3 வோல்ட்.
பல்பு ஹோல்டருக்கு வரும் வயர்: 12.1 வோல்ட்.
பல்பு ஹோல்டரின் எர்த் பக்கம்: 5.8 வோல்ட்.

"அஞ்சு புள்ளி எட்டா? எர்த்னா சைபர் தானே காட்டணும்?" என்றார் அப்பா. சரியாகப் பிடித்துவிட்டார்.

எர்த் நன்றாக இருந்தால் அங்கே ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும். எங்கள் காரில் 12 வோல்ட்டில் பாதி, திரும்பும் பாதையிலேயே தங்கிவிட்டது. பல்புக்கு மிச்சம் கிடைத்தது 6.3 வோல்ட். பிறகு எப்படிப் பிரகாசமாக எரியும்?

நான் செய்த தப்பு என்ன?

பழைய இழை பல்பு அதிக மின்சாரம் இழுக்கும். எர்த் கொஞ்சம் மோசமானாலே மங்கிவிடும். அதாவது, "எர்த் சரியில்லை, பாருங்கள்" என்று அந்தப் பல்பு சொல்லிக்கொண்டிருந்தது. எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிவது. அதனால் அந்த மோசமான எர்த்திலும் முதலில் பளிச்சென்று எரிந்தது. நான் கோளாறைச் சரிசெய்யவில்லை. கோளாறைச் சொல்லிக்கொண்டிருந்த வாயை அடைத்திருக்கிறேன். மழையில் துரு கூடியது. எர்த் இன்னும் கெட்டது. கடைசியில் எல்.இ.டி.யும் மங்கியது. அதற்குள் பெட்ரோல் முள் முழுப் பொய்யனாகிவிட்டது.

முள் ஏன் பொய் சொன்னது? அக்காலத்துப் பல கார்களில் பெட்ரோல், டெம்பரேச்சர் முட்கள் மெதுவாக நகரும். உள்ளே ஒரு சிறு உலோகத் தகடு சூடேறி வளைவதால் முள் நகர்கிறது. பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் முள் ஆடாமல் இருக்க, மீட்டர் போர்டுக்குப் பின்னால் 'வோல்டேஜ் ஸ்டெபிலைசர்' என்று தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா உண்டு. பிரிட்டிஷ் வகைக் கார்களில் இது சராசரியாக 10 வோல்ட் தரும். தான் எவ்வளவு தருகிறோம் என்பதை அது தன் எர்த்தை வைத்துத்தான் அளக்கிறது. எர்த் கெட்டால், குறைவாகத்தான் போகிறது என்று ஏமாந்து, பேட்டரியின் முழு வோல்டேஜையும் திறந்துவிடும். இரண்டு முட்களும் சேர்ந்து ஏறும். லைட் போட்டால் அதே எர்த்தில் சுமை இன்னும் கூடும், முள் இன்னும் ஏறும். பகலில் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி என்று அப்பா சொன்னது முழு உண்மை. வண்டியை ஓட்டுகிறவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

கழற்றும் முன் நிரூபியுங்கள்

இப்போதும் நான் எதையும் கழற்றவில்லை. காரணம் இதுதான் என்று நிரூபிக்க வேண்டும் அல்லவா? பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வந்த அந்த நீள வயரை, மீட்டர் போர்டின் எர்த் பக்கத்தில் நேராகக் கிளிப் செய்தேன். அதே நொடியில் நான்கு லைட்டும் பளீரென்று எரிந்தன. பெட்ரோல் முள் மெல்ல இறங்கியது. பாதி, கால், அதற்கும் கீழே. கிளிப்பை எடுத்தால் மறுபடி இருட்டு, முள் ஏறுகிறது. மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்று முறையும் அதேதான்.

அப்பா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அன்னைக்கு நாந்தான் பெட்ரோல் பாக்காம வந்துட்டேன்னு உங்கம்மா சொன்னது தப்பு" என்றார். கல்யாண ராத்திரி முதல் அது அவர் மனதில் இருந்திருக்கிறது.

பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு மீட்டர் போர்டை வெளியே எடுத்தோம். இதை மறக்காதீர்கள்: பின்னால் கை விடும் முன் பேட்டரியைப் பிரித்துவிட வேண்டும். அங்கே உயிருள்ள வயர்கள் இரும்புக்கு மிக அருகில் இருக்கும். கருப்பு எர்த் வயர் ஒன்று பின்னால் போய், டேஷ்போர்டு சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. வயரின் நுனி வளையத்துக்குக் கீழே கெட்டியாகப் புதிய பெயிண்ட்! பெயிண்ட் அடித்தபோது அந்த இடத்தையும் சேர்த்து அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் கசிந்து போய்க்கொண்டிருந்தது. மழைக்குப் பின் அந்த மரையும் துருப்பிடித்துவிட்டது.

உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரியும்படி செய்தேன். வளையத்தையும் போல்ட்டையும் தேய்த்தேன். இறுக்கி முடுக்கி, மறுபடி துரு வராமல் மேலே வாசலின் தடவினேன். பேட்டரியை இணைத்து அளந்தால், எர்த் பக்கம் 0.04 வோல்ட். செலவு: பத்து ரூபாய் உப்புத்தாள்.

மாட்டும்போது எல்.இ.டி.களை எடுத்துவிட்டுப் பழைய பல்புகளையே போட்டேன். அவை கெட்டிருக்கவே இல்லையே! அப்பாவுக்கும் அந்த மஞ்சள் வெளிச்சம்தான் பிடித்திருக்கிறது. எல்.இ.டி. போடக்கூடாது என்றில்லை. நல்ல எர்த்தில் நன்றாகவே உழைக்கும். ஆனால் சிவப்பாக எரியும் சார்ஜ் எச்சரிக்கை பல்பை மட்டும் எல்.இ.டி. ஆக்காதீர்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்குவதற்கான மின்சாரமே அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது.

உலகப் புகழ் பெற்ற ஒரு பூச்சி

கம்ப்யூட்டர் கோளாறை 'பக்' என்கிறோம். பூச்சி என்று பொருள். 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டு மார்க் 2 என்ற கம்ப்யூட்டர் தப்புச் செய்தபோது, அதன் ஒரு ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. ரிலே என்பது இரண்டு உலோக முனைகள் தொட்டு விலகும் சுவிட்ச். அந்தப் பூச்சியை அங்கிருந்தவர்கள் பதிவு நோட்டிலேயே ஒட்டிவைத்தார்கள். அந்த நோட்டு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'பக்' என்ற சொல் அதற்கு முன்பே இன்ஜினீயர்களிடம் புழங்கியதுதான். நான் சொல்ல வருவது வேறு: அங்கேயும் கெட்டது எந்தப் பாகமும் அல்ல. இரண்டு உலோகங்கள் தொட வேண்டிய இடத்தில் நடுவே ஒன்று வந்துவிட்டது. அங்கே பூச்சி, எங்கள் காரில் பெயிண்ட்.

உங்கள் கம்ப்யூட்டரில் இதையே செய்யுங்கள்

சரி, உங்கள் மேஜைக்கு வருவோம்.

நெட் வரவில்லையா? பாதியாகப் பிரியுங்கள். அதே வைஃபையில் உங்கள் செல்போனை இணைத்துப் பாருங்கள். மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். போனில் நெட் வந்தால் ரவுட்டர் நலம், கோளாறு கம்ப்யூட்டரில். போனிலும் வராவிட்டால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். ரவுட்டரையும் அதற்கு வரும் கேபிளையும் பாருங்கள். ஒரே சோதனையில் பாதி தேடல் முடிந்தது.

மானிட்டரில் படம் இல்லையா? மானிட்டரின் சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் மின்சாரம் வருகிறது. அடுத்து, கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டுத் தவிப்பவர்கள் பலர். அதையும் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால், பிளக்கை எடுத்துவிட்டு, கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். உயிர் வந்துவிடுவது உண்டு. இதுவும் தொட வேண்டிய உலோகம் சரியாகத் தொடாத கோளாறுதான்.

புது சாஃப்ட்வேர் போட்ட பிறகு தகராறா? கடைசியாகப் போட்ட ஒன்றை மட்டும் நீக்கிவிட்டுப் பாருங்கள். ஐந்தையும் ஒரே நாளில் நீக்கினால் கம்ப்யூட்டர் சரியாகலாம். ஆனால் எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது. அடுத்த மாதம் அதையே மறுபடி போடுவீர்கள்.

தினமும் ஒரே எச்சரிக்கை வருகிறதா? படிக்காமல் 'ஓகே' கிளிக் செய்து மூடாதீர்கள். ஹார்டு டிஸ்கில் பிழை என்ற எச்சரிக்கையை மூடிக்கொண்டே வருவது, நான் எல்.இ.டி. போட்டதற்குச் சமம். ஒரு நாள் டிஸ்க் நின்றுவிடும். குழந்தையின் போட்டோக்கள் அதனுள்ளே இருக்கும். எச்சரிக்கை வந்த அன்றே முக்கியமானவற்றை வேறு டிஸ்கில் காப்பி செய்யுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நினைவில் வைக்க ஐந்து

1. கோளாறு எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று முதலில் பாருங்கள்.
2. பாதையை வரைந்து, நடுவில் பிரித்துச் சோதியுங்கள்.
3. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பலன் இல்லாவிட்டால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.
4. பாகத்தை மாற்றும் முன் இணைப்பைப் பாருங்கள்.
5. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சர்வீஸ் ஆளைக் கூப்பிட நேர்ந்தால் அந்த நோட்டைக் காட்டுங்கள். "ஃபார்மேட் போட்டுடலாம் சார்" என்று அவர் தொடங்கும் முன், இவ்வளவும் பார்த்தாகிவிட்டது என்று உங்களால் சொல்ல முடியும்.

ஆறாவதாக ஒன்றும் உண்டு. அந்தக் கருவியைத் தினமும் பயன்படுத்துகிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவருக்குத் தொழில்நுட்ப வார்த்தைகள் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கோளாறை முதலில் பார்த்தவர் அவர்தான்.

அம்பாசிடரை விற்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவே அப்பா அம்மாவைத் திருக்கோகர்ணம் கோயில் வரை அழைத்துப் போய் வந்தார். அம்மா முதலில் தயங்கினார், பிறகு மீட்டரை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். போகும் வழியில் பங்க்கில் நிறுத்தி ஐந்து லிட்டர் போட்டார்களாம். முள் சரியாக அந்த அளவுக்கு ஏறியது என்று அப்பா போனில் சொன்னார். அந்த நோட்டு இப்போது அவரிடம்தான் இருக்கிறது. போன வாரம் அவருடைய புது லேப்டாப்பில் சத்தம் வரவில்லையாம். எனக்குப் போன் செய்யும் முன்பே, ஹெட்போன் செருகிப் பார்த்தது, அதில் கேட்டது, ஸ்பீக்கரில் கேட்காதது என்று மூன்று வரி எழுதி வைத்திருந்தார்.